அசலைக் கொண்டு வரவும்

நகல் என்றால் என்னவென்று சாவிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருடமாக நகல் எடுத்தே குடும்பம் நடத்துகிறவர். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கதவு அகலத்தில் கடை. வீட்டுச் சாவி, அலமாரிச் சாவி, மாமியாருக்குத் தெரியாமல் எடுக்கிற சாவி என்று எதைக் கொடுத்தாலும் கால் மணி நேரத்தில் அதன் இரட்டைப் பிள்ளையைக் கையில் கொடுத்துவிடுவார். நகல் சரியா என்று பார்க்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பூட்டில் போட்டுத் திருப்ப வேண்டும், திறந்தால் சரி. இதற்கு வேறு வழிகளும் உண்டு என்பதை அந்தப் பெரிய மருத்துவமனையின் மூன்றாவது மாடியில்தான் அவர் தெரிந்துகொண்டார்.

அவருக்கு ஒரே மகள், வயது ஏழு. ஒல்லிப்பிச்சானாக இருந்ததால் வீட்டில் குண்டூசி என்று கூப்பிட ஆரம்பித்து, பள்ளிக்கூடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. குண்டூசிக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. பதினோரு படி ஏறினால் பன்னிரண்டாவது படியில் உட்கார்ந்துவிடுவாள். "படி எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்பாள், மூச்சு வாங்குவதை ஒப்புக்கொள்ள மாட்டாள். ரோஷக்காரி.

அறுவை மருத்துவர் அந்த வருடம்தான் புதிதாக வந்து சேர்ந்தவர். அதனால் அவருக்கு இன்னும் மனிதர்களோடு பேசும் பழக்கம் இருந்தது. சாவிக்காரரையும் மனைவியையும் உட்கார வைத்து விவரமாகச் சொன்னார்.

"வர்ற வியாழக்கிழமை காலையில செய்றோம். அன்னைக்கு விட்டுட்டா அடுத்த தேதி நாலு மாசம் கழிச்சுத்தான். நாலு மாசம் இவ தாங்குவாளான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. ஒரே ஒரு சிக்கல். ஓட்டையை ஒரு சதைப்பட்டை மறைச்சுக்கிட்டு நிக்குது. ஸ்கேன்ல பாத்தா ஒரு ஓட்டையா ரெண்டான்னு பிடிபடல. நெஞ்சைத் திறந்து வச்சுக்கிட்டுத் தேட நேரம் இருக்காது. அதனால கீழ அச்சுப் பிரிவுல இவ இதயம் மாதிரியே ஒண்ணு செய்யச் சொல்லியிருக்கேன். அதைக் கையில வாங்கி உள்ளயும் வெளியவும் பாத்துட்டுத்தான் கத்தியைத் தொடுவேன்."

சாவிக்காரரின் மனைவி கேட்டாள், "அது வரலேன்னா?"

"வரணும்மா" என்றார் மருத்துவர்.

அச்சுப் பிரிவு தரைக்குக் கீழே, சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே ஒரே ஒரு பெண். எல்லாரும் அச்சுக்காரம்மா என்று கூப்பிட்டார்கள். முப்பது வயது இருக்கும். ஸ்கேன் படம் என்பது குண்டூசியின் நெஞ்சை ரொட்டித் துண்டு போல் மெல்லிசு மெல்லிசாக வெட்டிக் காட்டிய முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றிலும் ரத்தம் எதுவரை, சதை எதுவரை என்று அவள் கோடு போட வேண்டும். கம்ப்யூட்டர் தானாகவே கோடு போடும்தான். ஆனால் அதற்கு ரத்தமும் வெள்ளை, விலா எலும்பும் வெள்ளை. விட்டால் எலும்பையும் சேர்த்து இதயம் என்று சொல்லிவிடும். அதை நம்பாமல் படம் படமாக அவளே உட்கார்ந்து திருத்தினாள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ரப்பர் மாதிரி மெத்தென்ற பொருளில் இயந்திரம் ஒன்பது மணி நேரம் அச்சடித்தது. கழுவி, விளக்கில் காயவைத்து, இரண்டாகப் பிரித்துப் பார்க்கும்படி செய்து, வெள்ளிக்கிழமை அதைச் சாவிக்காரரின் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் விரல்களை மெல்ல மடக்கிப் பார்த்தார். மகளின் கைமுட்டி அளவுதான் இருந்தது. பிறகு தொழில் புத்தி வந்து, சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்தார்.

"அளந்து பாக்கலாமாம்மா?"

"பாருங்கண்ணே. நானும் அளந்து வச்சிருக்கேன்."

சதைப்பட்டைக்குப் பின்னால் பெரிய ஓட்டை, ஒன்பது புள்ளி நான்கு மில்லிமீட்டர். அவள் குறிப்பிலும் அதுவேதான். அதற்குக் கொஞ்சம் கீழே, பட்டையின் நிழலில் ஒளிந்துகொண்டு இன்னொன்று, நான்கு மில்லிமீட்டர். மருத்துவர் கேட்ட கேள்விக்குப் பதில் கையில் இருந்தது. ரெண்டு.

"இப்பவே போய்க் குடுத்துடுவோமா?" என்று எழுந்தார்.

அச்சுக்காரம்மாவின் முகம் சுருங்கியது. "நாலு வருஷத்துல நாப்பத்தோரு இதயம் செஞ்சேன் அண்ணே. ஒண்ணுகூட ஆபரேஷன் அறைக்குப் போனதில்ல. மூணாவது மாடியில முத்திரை வாங்கணும்."

"முத்திரைதானே, வாங்கிட்டாப் போச்சு" என்றார் சாவிக்காரர். வெள்ளந்தி மனிதர்.

மூன்றாவது மாடியில் இருந்தது நகல் ஒப்புப் பிரிவு. மருத்துவமனைக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும் எந்த நகலையும் அசலோடு ஒப்பிட்டு முத்திரை இடுவது அதன் பணி. விடுப்புக் கடிதங்களுக்காக ஏற்பட்ட விதி. விதியில் 'காகிதம்' என்று எழுத யாரோ மறந்துவிட்டதால் எல்லாவற்றுக்கும் பொருந்தியது. முத்திரை விழாத நகலை மருத்துவர்கள் பார்க்கவும் கூடாது. பார்த்தால் நம்பிவிடக்கூடும் என்று ஒன்பதாவது விதி காரணமும் சொல்கிறது.

திங்கட்கிழமை காலை சாவிக்காரர் பெட்டியோடு போய் நின்றார். ஒப்பு அதிகாரி மரியாதை தெரிந்த மனிதர். கோபமே வராது. மேசையில் பதினேழு முத்திரைகளை உயர வரிசையில் நிறுத்தி வைத்திருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"நகல் கொண்டு வந்திருக்கீங்க. சந்தோஷம். அசல் எங்க?"

"சார், அசல் என் பொண்ணுக்குள்ள இருக்கு."

"நல்லது, தொலைஞ்சு போகலையே. போய்க் கொண்டு வாங்க."

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. 'கோப்புகளுக்கு மட்டும்' என்று அதன்மேல் எழுதியிருந்தது. சாவிக்காரர் குண்டூசியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார். அவள் காதோரம் எண்ணிக்கொண்டே வந்தாள். மேலே வந்ததும், "அறுபத்தாறுப்பா" என்றாள். அவருக்குப் பதில் சொல்ல மூச்சில்லை.

அதிகாரி குழந்தையை மேலும் கீழும் பார்த்தார். "இது உறை. அசல் எங்க?"

"உறைக்குள்ளதான் சார்."

"உறையைப் பிரிச்சாத்தானே ஒப்பிட முடியும்?"

"பிரிக்கத்தான் சார் வியாழக்கிழமை ஆபரேஷன்."

"அப்ப ஒண்ணும் கஷ்டமில்லையே. வியாழக்கிழமை பிரிச்சதும் ஒரு தகவல் சொல்லுங்க. வந்து ஒப்பிட்டு முத்திரை போட்டுடறேன்."

"பிரிக்கறதுக்கு முன்னாடியே மாதிரி வேணும் சார். அதைப் பாத்துட்டுத்தான் பிரிப்பாங்க."

"ஒப்பிடாத நகலை எப்படிப் பாக்க விடறது?" என்றார் அதிகாரி, குழந்தைக்குச் சொல்வது போல் கனிவாக. சாவிக்காரரின் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். "சரி, உங்களுக்காக ஒண்ணு செய்றேன். கண்ணால ஒப்பிட முடியாததைக் காதால ஒப்பிடலாம்னு ஒரு உபவிதி இருக்கு" என்று ஸ்டெதஸ்கோப் ஒன்றை வரவழைத்தார். குண்டூசியின் நெஞ்சில் வைத்தார். பிறகு ரப்பர் இதயத்தின் மேல் வைத்தார். நெடுநேரம் கேட்டார். பேனாவைத் திறந்தார்.

"அசல் துடிக்குது. நகல் துடிக்கல. வேறுபாடு ஒன்று."

"சார், அது ரப்பரு."

"நான் குறை சொல்லல. ரெண்டும் ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதான். ஒண்ணு, நகல் துடிக்கணும். இல்லேன்னா ஒப்பிடற நேரத்துக்கு மட்டும் அசல் துடிக்காம இருக்கணும். எது உங்களுக்குச் சௌகரியமோ செய்யுங்க."

குண்டூசி அப்பாவின் காதில், "எனக்கு ரெண்டாவது வேண்டாம்பா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அச்சுக்காரம்மாவே கூட வந்தாள். இரண்டு துடிப்புக்கு நடுவே இதயம் ஓய்வாக இருக்கும் கணத்தில் எடுத்த படத்திலிருந்துதான் இதைச் செய்தது என்று விளக்கினாள். அதிகாரிக்கு அது பிடித்துப்போயிற்று. துடிப்புகளுக்கு இடைப்பட்ட வேளையில் ஒப்பிடப்பட்டது என்று எழுதி, முதல் வேறுபாட்டை அடித்தார். பச்சை மைப் பெட்டியைத் திறந்து, முத்திரையைக் கையில் எடுத்தார். சாவிக்காரர் கும்பிடக் கையைத் தூக்கியே விட்டார். முத்திரை குத்த நல்ல இடம் தேடி அதிகாரி மாதிரியைத் திருப்பினார். திருப்பிய கை நின்றது.

"இதுல ஓட்டை இருக்கே."

"அதுக்குத்தான் சார் ஆபரேஷனே" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"கிழிஞ்ச நகல், ஓட்டை விழுந்த நகல், எலி கடிச்ச நகல், மூணையும் ஏத்துக்கறதில்லையே. நேத்தே கவனிச்சிருந்தா நேத்தே திருப்பி அனுப்பியிருப்பேன். உங்க ஒரு நாளை வீணடிச்சதுக்கு வருத்தப்படறேன்." உண்மையாகவே வருத்தப்பட்டார். அவர்களை இயக்குநரிடம் முறையிடச் சொல்லி, வழியையும் காட்டினார்.

இயக்குநர் அறையில் சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே விளக்கு போட்டு, நீல வெல்வெட்டில் நாற்பத்தோரு இதயங்கள். ஒவ்வொன்றின் கீழும் தங்க நிறத்தில் 'ஒப்பிடப்பட்டது' என்ற சீட்டு. ஒன்றிலும் ஓட்டை இல்லை. அச்சுக்காரம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு ஓட்டையையும் அடைக்கச் சொல்லி அடைத்தது அவள் கைதான்.

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்தால் அவர் பேச்சு சொற்பொழிவாகிவிடும்.

"நம்ம அச்சுப் பிரிவு இந்த மருத்துவமனைக்கே மகுடம். நாலு வருஷத்துல நாங்க செஞ்ச ஒரு மாதிரியாவது ஒரு நோயாளிக்குத் தீங்கு செஞ்சிருக்கா? இல்ல. ஏன்? ஒண்ணுகூட நோயாளி பக்கம் போனதில்ல! அந்த அளவுக்குப் பாதுகாப்பு. இங்க வர்ற விருந்தினர்கள் இந்த அலமாரி முன்னாடி நின்னு கண் கலங்குறாங்க. இதுல ஓட்டை விழுந்த இதயம் ஒண்ணை வச்சா என்ன நினைப்பாங்க? நம்ம மருத்துவமனையில இதய நோயாளிங்க இருக்காங்கன்னு நினைச்சிட மாட்டாங்களா? ஓட்டையை அடைச்சுடுங்கம்மா. அரை மணி நேர வேலை. சாயங்காலத்துக்குள்ள முத்திரை வாங்கித் தர்றது என் பொறுப்பு."

சாவிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "சார், இதுல அடைச்சா என் பொண்ணுக்குள்ளயும் அடைஞ்சிடுமா?"

இயக்குநர் புன்னகைத்தார். "அது மருத்துவம். நான் நிர்வாகம்."

வெளியே வந்ததும் அச்சுக்காரம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். "நான் அடைக்க மாட்டேன் அண்ணே. நாப்பத்தோரு தடவை அடைச்சது போதும். வேலையை விட்டு அனுப்பினாலும் சரி." சாவிக்காரர் விரல்விட்டு எண்ணினார். இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. நாலு மாதம் என்றால் எத்தனை படி, எத்தனை மூச்சு என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது.

வீட்டுக்குப் போனால் மனைவி கேட்பாளே என்று பயந்து கடைக்குப் போனார். பூட்டைத் திறந்ததும் ஓர் அம்மாள் வந்து, ஒரு சாவியை நீட்டினாள்.

"இதுக்கு ஒரு டூப்ளிகேட் போட்டுக் குடுங்க."

சாவிக்காரருக்குத் தன் கைவேலை தெரியும். "இதே டூப்ளிகேட்தானேம்மா. போன வருஷம் நான் போட்டது. அசலைக் குடுங்க."

"அசல் தொலைஞ்சு ஆறு மாசமாச்சு. இப்ப இதான் அசல். கதவு திறக்குதில்ல, அப்புறம் என்ன?"

சாவிக்காரர் அந்த அம்மாளைக் கண் கொட்டாமல் பார்த்தார். சாவியைப் போட்டுக் கொடுத்தார், காசு வாங்க மறந்துவிட்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத உட்கார்ந்தார்.

புதன்கிழமை காலை ஒப்பு அதிகாரி அந்த மனுவை இரண்டு முறை படித்தார். இம்மருத்துவமனையின் அச்சுப் பிரிவில் உருவான பொருளே அசல் இதயம் என்றும், தன் மகளின் உடம்பில் இருப்பது அதன் நகலே என்றும், இதுநாள் வரை மாற்றிச் சொல்லி அலுவலகத்தின் நேரத்தை வீணடித்ததற்கு வருந்துவதாகவும் சாவிக்காரர் எழுதியிருந்தார்.

"ஆதாரம்?" என்றார் அதிகாரி.

"இதுல வரிசை எண் இருக்கு சார், நாப்பத்திரண்டு. செஞ்ச தேதி இருக்கு. செஞ்சவங்க கையெழுத்து இருக்கு."

"ம். உங்க பொண்ணுகிட்ட இருக்கறதுல?"

"ஒண்ணுமே கிடையாது சார்."

"வரிசை எண்கூட இல்லையா?"

"இல்ல சார்."

அதிகாரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். மூன்று நாளாக முகத்தில் இருந்த சுருக்கம் விலகியது. "நான் அப்பவே சந்தேகப்பட்டேன். வரிசை எண்ணும் இல்ல, கையெழுத்தும் இல்ல. அது எப்படிங்க அசலா இருக்க முடியும்? முதல்லயே சொல்லியிருக்கலாமே! அசலுக்கு ஒப்பே தேவையில்லையே."

"ஓட்டை, சார்?"

"அசல்ல என்ன இருந்தாலும் அது அசல். அதைக் கேட்க நான் யாரு?"

ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டார். அசல் என்பதால் கோப்புக்கு உள்ள மரியாதை அதற்கும் உண்டு என்று பெட்டியை லிஃப்டில் ஏற்றி அனுப்பினார். சாவிக்காரர் படி வழியாக ஓடினார். பெட்டி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

அறுவை மருத்துவர் அன்று மதியம் முழுக்க அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். இரண்டு ஓட்டைக்கும் ஒட்டுத்துணியை அளவு பார்த்து முன்கூட்டியே வெட்டி வைத்தார். வியாழக்கிழமை காலை குண்டூசியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் சாவிக்காரரும் மனைவியும், அவர்களுக்குப் பக்கத்தில் கையுறையைக்கூடக் கழற்றாமல் அச்சுக்காரம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து மணி நேரம் கழித்து மருத்துவர் முகமூடியை இறக்கிக்கொண்டு வந்தார்.

"ரெண்டு ஓட்டைதான். மாதிரியில எங்க இருந்துச்சோ அங்கயே இருந்துச்சு. தேடவே இல்ல, நேரா போனேன். நல்லா இருக்கா."

மனைவி அச்சுக்காரம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பூட்டில் போட்டுத் திருப்பியாயிற்று, திறந்துவிட்டது என்று சாவிக்காரர் நினைத்துக்கொண்டார். நினைத்த மாத்திரத்தில் அவரும் அழுதார்.

கதை இங்கே முடிந்திருக்கும், நகல் ஒப்புப் பிரிவு கடமை தவறியிருந்தால். அது தவறவில்லை. மூன்றாவது மாதம் ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் வசம் உள்ள நகல் (ஒன்று) இதுவரை அசலுடன் ஒப்பிடப்படவில்லை. நேரில் கொண்டு வரவும்.'

மகளோடு போனார். படிக்கட்டின் கீழே வழக்கம் போலக் குனிந்து தோளைக் காட்டினார். தோளில் பாரம் ஏறவில்லை. நிமிர்ந்து பார்த்தால், குண்டூசி முதல் திருப்பத்தைத் தாண்டிவிட்டாள். பன்னிரண்டாவது படியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் அங்கேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகுதான் ஏறினார்.

மேலே அதிகாரி ஸ்டெதஸ்கோப்போடு தயாராக இருந்தார். மேசையில் ரப்பர் இதயம். பக்கத்தில் குண்டூசியின் புது ஸ்கேன் அறிக்கை. எல்லாவற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"நகல்ல ஓட்டை இல்ல. அசல்ல இருக்கு. அப்படின்னா பழுதானது அசல்தான்."

அன்றைக்கே நடவடிக்கை எடுத்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. முக்கிய விருந்தினர்களுக்காக எப்போதும் காலியாக வைத்திருக்கும் தனியறையில் ரப்பர் இதயத்தை உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். மருத்துவமனைச் சொத்து என்பதால் அதற்கு நாலு மாத வரிசை கிடையாது. நாளைக்கு மூன்று வேளை காய்ச்சல் பார்த்து, 'சீராக உள்ளது' என்று எழுதுகிறார்கள். இதற்கிடையே அச்சுக்காரம்மா ஒரு வேலை செய்தாள். நாற்பத்து மூன்றாவது இதயத்திலிருந்து பெட்டிமேல் தடித்த எழுத்தில் 'அசல்' என்று எழுதிவிடுகிறாள். இதுவரை ஆறு இதயங்கள், ஓட்டை உடைசலோடு, லிஃப்டில் ஏறி ஆபரேஷன் அறைக்கு நேராகப் போயிருக்கின்றன. அந்த ஆறு பிள்ளைகளுக்கும் ஒப்பீட்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் போயிருக்கிறது.

அன்றைக்கு ஒப்பீடு முடிந்ததும் அதிகாரி குண்டூசியின் புறங்கையில் பச்சை மையால் 'உண்மை நகல்' என்று குத்தினார். அவள் அதை ஊதி ஊதிக் காயவைத்தாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு புருவத்தைச் சுருக்கினாள்.

"அப்பா, அறுபத்தாறு இல்ல. இப்ப ஏறினப்ப அறுபத்தேழு வந்துச்சு. இரு, வர்றேன்."

அதிகாரி பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருந்தவர் கையொப்பத்துக்காகத் தலையைத் தூக்கினார். எதிரே சாவிக்காரர் மட்டும்தான் நின்றிருந்தார்.

"நகல் எங்க?"

படிக்கட்டிலிருந்து தடதடவென்று சத்தம் கேட்டது. கீழே போய், மறுபடி மேலே வந்துகொண்டிருந்தது.

"ஓடிக்கிட்டிருக்கு சார்" என்றார் சாவிக்காரர்.